கூரை பார்க்கப் போன சித்தி

நம் வயதுக்காரர்களில் ஜொகூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு காரியமாக அங்கே போய் இறங்கியிருப்பீர்கள். தேக்காவில் கல்யாணச் சேலை எடுக்க, கப்பல் ஏறும் சொந்தக்காரரை வழியனுப்ப, பெரிய ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க. இறங்கினோம், பையைத் தூக்கினோம், வெளியே போய் பஸ் பிடித்தோம். அந்தக் கட்டடத்துக்காகவே அங்கே போனவர் நம்மில் யாராவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் ஒருத்தி போனாள். என் அம்மாவின் தங்கை, என் சித்தி.

நாங்கள் அப்போது செடெனாக்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கிராணி. ஆபீஸ் கணக்கும் ஆள் பேர் போடுவதும் அவர் வேலை. தகரக் கூரை போட்ட கிராணி வீடு எங்களுடையது. மழை பிடித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு சித்தி எங்களோடு வந்துவிட்டாள். ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தவள். தோட்டத்தில் அந்தப் படிப்புக்கு வேலை ஒன்றும் இல்லை. தையல் மெஷினை முன்னறையில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். அளவெடுக்க நாடாவைத் தொடவே மாட்டாள். ஆளை ஒரு தரம் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள், அவ்வளவுதான். தைத்தது கச்சிதமாக உட்காரும்.

இன்னொருவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கும் சித்திக்கும் ஓர் அண்ணன் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. வாலிப வயதில் மனநிலை பிசகி, தம்போய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டு, அங்கேயே இறந்துபோனவர். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே குடும்பத்தார் படங்கள் எல்லாம் இருந்தன. அவர் படம் மட்டும் கிடையாது. யாராவது அவர் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் சொல்லும் அந்தப் பருவம் வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை. வடகிழக்கு மழை ஆரம்பித்திருந்தது. அம்மா வயிற்றில் என் தம்பி. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் கிடந்தாள். அதனால் கிறிஸ்மஸுக்குச் சாமான் வாங்க இந்தத் தடவை சித்தி சிங்கப்பூருக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. கல்யாணமாகாத பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு நான். எனக்குப் பத்து வயது.

அப்போது பாஸ்போர்ட் கேட்கிற காலம் வரவில்லை. செடெனாக்கில் ஏறினால் நேராகக் கடல் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவான். டிக்கெட் கெட்டி அட்டையில் இருக்கும். அதை ஓட்டை போடுகிறபோது வருகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எஞ்சின் கரி கண்ணில் விழும். சித்தி முந்தானையைச் சுருட்டி ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றுவாள். அவள் மேல் எப்போதும் மெஷின் எண்ணெயும் பாண்ட்ஸ் பவுடரும் கலந்த ஒரு வாசனை.

அன்றைக்கு இறங்கி எல்லாரோடும் சேர்ந்து நடந்து பெரிய கூடத்துக்குள் வந்தோம். சித்தி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நானும் பார்த்தேன். பெரிய பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போல் ஒரு கூரை, எங்கள் தோட்டத்துக் கோயிலை அப்படியே உள்ளே தூக்கி வைக்கலாம் போல அத்தனை உயரத்தில். உயரமான ஜன்னல்கள் வழியாக மழை வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் பெரிய பெரிய சித்திரங்கள். நெல் நடுகிறவர்கள், மாட்டு வண்டி, கப்பல், பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள்.

“நம்ம ஆளுங்கள செவுத்துல வச்சிருக்கான் பாரு,” என்றாள் சித்தி. பிறகு, “நடுவுல தூணே இல்ல, பாத்தியா?” என்றாள்.

“எங்க சித்தி?”

“அதான் சொல்றேன். இல்ல. அப்ப இவ்ளோ பெரிய கூரைய யாரு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கா?”

“சாமியா?”

சித்தி சிரித்தாள். என்னை பெஞ்சில் ஏறி நிற்கச் சொன்னாள். எதிரில் அவள் நின்று, என் உள்ளங்கைகளோடு தன் உள்ளங்கைகளைச் சேர்த்தாள். “ஒன் பாரத்த என் மேல போடு. பயப்படாத. நான் ஒன் மேல சாயறேன். விழறியா? இல்லல்ல? அதான் அங்கயும் நடக்குது. அந்தப் பக்கம் இந்தப் பக்கத்து மேல சாயுது.” அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். போகிற வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

தேக்காவில் சாமான்களை ஓட்டமாய் வாங்கி முடித்தாள். மிச்ச நேரமெல்லாம் நிலையத்தில். வெளியே போய் எதிர்ச் சாரியில் குடைக்குக் கீழே நின்று முகப்பைப் பார்த்தாள். வளைவுகளுக்கு நடுவே நிற்கும் நான்கு வெள்ளைக்கல் சிலைகளின் காலடியில் ஒவ்வோர் எழுத்து செதுக்கியிருக்கும். ரயில்வேயின் ஆங்கிலப் பெயருக்கு முதலெழுத்துகள் என்று அதை எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குக் கால் வலித்தது. தூக்குச்சட்டியில் கொண்டுபோன புளிச்சோற்றை மேடையில் உட்கார்ந்து தின்றோம்.

மறுநாள் துணி துவைக்கிற சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஒரு பெரிய படம் இருந்தது. வாளியோடு வந்த அம்மா நின்று பார்த்தாள்.

“இது என்னாடி?”

“ஸ்டேஷன்க்கா. குறுக்கால வெட்டினா இப்படித்தான் இருக்கும்.”

“ஸ்டேஷன எதுக்குடி வெட்டணும்?” என்றாள் அம்மா, நிஜமாகவே புரியாமல். நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. சாயங்கால மழை படத்தைக் கழுவிவிட்டது.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. வாங்கின லேஸ் நிறம் ஒத்துவரவில்லை. கேக்குக்கு உலர்ந்த திராட்சை போதவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கம்பளி வேண்டும். அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என்னைப் போன்ற ஒரு வாயாடியைக் கூட்டிக்கொண்டு போகிறவள் என்ன தப்புச் செய்துவிட முடியும் என்று விட்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை டிக்கெட் பரிசோதகர் ஒருவர் எங்களிடம் வந்தார். வெள்ளை உடுப்பு, நரைத்த மீசை. யாழ்ப்பாணத்துக்காரர்.

“எத்தனை நாளாய் உம்மைப் பாக்கிறன், பிள்ளை. ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?”

“யாரையும் இல்ல சார். கூரையத்தான்.”

“கூரையையோ?” அவரும் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருடமாக அதன் கீழே நடந்தவர், அன்றைக்குத்தான் பார்ப்பது போல் இருந்தது அவர் முகம். “வாரும்,” என்று எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். மேலே அப்போது ஒரு ஹோட்டல் இருந்தது. அங்கே ஓரிடத்திலிருந்து குனிந்தால் கூடம் முழுவதும் கீழே தெரிந்தது. தலைகளும் குடைகளும் பெட்டிகளுமாக. கூரை கைக்கு எட்டிவிடும் போல் பக்கத்தில் வந்துவிட்டது. சித்தி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவர் ஏதோ திட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

இறங்கி வரும்போது அவர்தான் சொன்னார். அவருடைய மகள், கட்டடங்களுக்குப் பிளான் வரைகிற ஓர் ஆபீஸில் வேலை செய்கிறாளாம். பெரியவர்கள் பென்சிலில் வரைந்ததை அடியில் இருப்பது தெரியும்படி கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் மையால் படியெடுக்கிற வேலை. அதற்குப் பெண் பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம், கை நிதானமாக இருக்கும் என்று. “உமக்கு விருப்பமெண்டால் போய்க் கேட்டுப் பாரும். கிட்டத்தான்.”

அடுத்த வாரம் போனோம். பெரிய பெரிய சாய்ந்த மேசைகள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. மேற்பார்வை பார்த்த சீனப் பெண்மணி சட்டைக் கைமேல் கறுப்பு உறை மாட்டியிருந்தாள். ஒரு மாடிப்படியின் படத்தை வைத்து, அதன்மேல் ஒரு துண்டுத் துணியை ஒட்டி, பேனாவைச் சித்தி கையில் கொடுத்தாள். சித்தி மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தாள். அத்தனை நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் அந்த அம்மாள் துணியைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். “தங்ஙான் பாகூஸ்,” என்றாள் மலாயில். நல்ல கை. புதுவருடம் பிறந்ததும் வேலைக்கு வரலாம், தங்குவதற்குப் பரிசோதகரின் மகளோடு அறை இருக்கிறது என்று பேசி முடித்தார்கள். அந்த மாடிப்படித் துணியைச் சித்தியிடமே கொடுத்துவிட்டார்கள்.

ரயிலில் அதை மடிமேல் விரித்து வைத்துக்கொண்டாள். வெளிர்நீலத் துணி, மொடமொடப்பு. “கிறிஸ்மஸ் முடியட்டும். அத்தான்கிட்ட நானே சொல்றேன்,” என்றாள்.

ஆனால் அப்பாவிடம் வேறொருவர் முந்திக்கொண்டார். செடெனாக்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர், சரக்கெடுக்க அடிக்கடி சிங்கப்பூர் போகிறவர். “கிராணியாரே, ஒங்க மச்சினிச்சிய தஞ்சோங் பகார்ல பாத்தேன். காலையில நான் எறங்கி வர்றப்பயும் அங்கதான் நின்னுச்சு. சாயங்காலம் திரும்பி வர்றப்பயும் அங்கதான் நிக்குது.” கெட்ட மனசோடு சொன்னவர் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துச் சொன்னதுதான்.

அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறியிருக்கிறார். நாங்கள் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் காரியம் ஒன்றும் இல்லாததால் சித்தி நாள் முழுவதும் நிலையத்திலேயே இருந்தாள். இனி இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே வாழப்போகிறோம் என்கிற சந்தோஷம். எனக்கு ஐஸ் தண்ணி வாங்கிக் கொடுத்தாள். பெஞ்சில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டு தனக்குள் ஏதோ எண்ணினாள். எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருக்கிறது என்று கன்னத்தை அதில் வைத்து என்னையும் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, அப்பாவும் அம்மாவும் உள்ளறையில் பேசினார்கள். மழை விட்டிருந்ததால் எல்லாம் கேட்டது. சித்தி பின்கட்டில் இருந்தாள். நான் கதவுக்கு வெளியே தரையில் படுத்திருந்தேன்.

“ஆள் யாரும் இல்ல,” என்றார் அப்பா.

“நல்லாப் பாத்தீங்களா?”

“காலையிலேருந்து பாத்தேன். பேப்பர் கடைக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஒருத்தனும் கிட்ட வரல. அது பாட்டுக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கு. தானா பேசுது. எந்திரிச்சுப் போயி செவுத்துல கன்னத்த வச்சுக்கிட்டு நிக்குது.” குரலைத் தாழ்த்தினார். “ஆள் ஒருத்தன் இருந்திருந்தாக்கூட பரவால்ல. பேசி முடிச்சு வச்சிடலாம்.”

அம்மா அழ ஆரம்பித்தாள். “எங்கண்ணனும் இப்படித்தாங்க. இப்படித்தான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே இருப்பாரு. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட பாக்க மாட்டாரு.”

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கூரை, உள்ளங்கை, பரிசோதகர், மாடி, பிளான் ஆபீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எதைச் சொன்னாலும் சித்தி நல்லவள் என்பதுதானே வரும் என்று இருந்தது. அப்பா நான் சொன்னதை முழுவதும் நம்பினார், அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. பொய் சொல்கிறேன் என்று அடித்திருந்தால்கூட வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று பின்னாளில் தோன்றியிருக்கிறது.

பிறகு சித்தி வந்தாள். பயப்படாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த நீலத் துணியைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். “அத்தான், இது நான் வரைஞ்சது. நல்லாருக்குன்னு சொன்னாங்க. எல்லாரும் நின்னு பாக்க வேண்டிய கட்டடம் அத்தான் அது. இதெல்லாம் இப்படி யாரோ வரைஞ்சுதான் கட்டியிருக்காங்க. எனக்கு அந்த வேல வேணும்.”

அப்பா கத்தவில்லை. “சரிம்மா, சரிம்மா,” என்றார். “அப்புறம் பேசலாம். போயி கொஞ்ச நேரம் படும்மா.” அப்படி இதமாக அவர் அவளிடம் பேசி நான் கேட்டதே இல்லை. சித்தி அவர் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா கத்தியிருந்தால் அவளும் எதிர்த்துக் கத்தியிருப்பாள். நோயாளியிடம் பேசுவது போல் பேசுகிறவரிடம் என்ன சொல்ல முடியும்? கோபப்பட்டால் அதுவும் நோய்தான்.

பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனார்கள். தமிழ் நன்றாகப் பேசும் வயதான பிரெஞ்சுக்காரர். சித்தியைத் தனியே உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, “பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்கு அனுப்புங்கள்,” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, “சாமியாருக்கென்ன, அவருக்குக் குடும்பமா குட்டியா,” என்றார். அதோடு அது முடிந்தது.

கிறிஸ்மஸ் வந்தது. கேக் செய்தோம், அச்சு முறுக்கு சுட்டோம். சித்தி எல்லா வேலையும் செய்தாள். அந்த நாள்களில் ஒருநாள் அம்மா நீலத் துணியை வெந்நீரில் சவுக்காரம் போட்டு ஊறவைத்துவிட்டாள். வேண்டுமென்று செய்தாளா, பிள்ளைக்குத் துணி சேர்க்கிற நினைப்பில் செய்தாளா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. மையும் கஞ்சியும் போய், அது பூப்போல மெத்தென்ற வெள்ளைத் துணியாகிவிட்டது. அத்தனை நேர்த்தியான துணியைத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அதில் தம்பிக்கு ஒரு குல்லாயும் எனக்கு ஒரு கைக்குட்டையும் தைத்தார்கள். தைத்தவள் சித்திதான். கைக்குட்டையைப் பள்ளியில் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

புதுவருடம் பிறந்து, வேலைக்கு வரச்சொன்ன அன்று காலையில் சித்தி ஒரு பையோடு செடெனாக் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட்டாள். டிக்கெட் கொடுக்கிறவரிடம் அப்பா முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவர் டிக்கெட் கொடுக்கவில்லை. “உக்காரும்மா, ரயில் லேட்டு,” என்று தன் நாற்காலியைக் கொடுத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார். அவள் கண்ணெதிரே ரயில் வந்து போயிற்று. தோட்டத்து லாரியின் முன்சீட்டில் அவளை உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்பா குடை பிடித்து இறக்கினார். எல்லாரும் அத்தனை அன்பாக இருந்தார்கள். அதை நினைத்தால்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை கோத்தா திங்கி பக்கம் ஒரு தோட்டத்தில் டிரெசர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடுகிறவர். அப்பா தேடித் தேடி அப்படி ஒருவரைப் பிடித்தார். ஏதாவது என்றால் மருந்து தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பார் அல்லவா? “கோத்தா திங்கிக்கு ரயில் பாதையே கெடையாது. அதுவும் நல்லதுதான்,” என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

சித்தப்பா நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் வாங்கி வைத்திருப்பார். சித்தி கடைக்குப் போனால் அவரும் போவார். கோயிலுக்குப் போனால் அவரும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, பலத்துக்கு என்று ஒரு மாத்திரை எடுத்துத் தண்ணீரோடு அவள் கையில் கொடுப்பார். எவ்வளவு பாசம் என்று என் அம்மா பூரித்துப்போவாள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். வெள்ளம் வந்தால் சாமான்களைப் பரண்மேல் ஏற்றுவார்கள், வடிந்தால் சேறு வழிப்பார்கள். ஒருமுறை, “சித்தி, சும்மா எங்கயாச்சும் போயி சுத்திப் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன். “இங்க பாக்க என்னா இருக்கு? ஆறுதான். அதுவும் வீட்டுக்குள்ளயே வந்துடுது,” என்றாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது சித்தப்பாவின் கடைசி நாள்களில்தான். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்த ஒரு மத்தியானம், சித்தி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் என் கையைப் பிடித்தார்.

“ஒங்கப்பா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் கட்டிக் கொடுத்தாரு. மறைக்கல. அண்ணனுக்கு வந்தது இதுக்கும் வரும்னு சொன்னாரு. நான் நல்லாப் பாத்துக்கிட்டேன்ல?”

“நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க சித்தப்பா.”

“ஒரு நிமிஷம்கூட தனியா விடல. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “வரவே இல்லம்மா. ஒரு நாள்கூட வரல. அப்ப ஒங்கப்பா சொன்னது என்னா?”

அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். சாகப்போகிற மனிதரிடம், நீங்கள் காவல் காத்தது வீண் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “நீங்க பாத்துக்கிட்டதாலதான் வரல,” என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சித்தியிடம் அதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும். மாத்திர கொடுக்க ஆரம்பிச்சப்பவே தெரியும். நான் எங்க முழுங்கினேன்? வாழ மரத்துக்கிட்ட போட்டுருவேன்.” துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “அவரு பாவம். நான் சத்தமா சிரிச்சாலும் பயப்படுவாரு, அழுதாலும் பயப்படுவாரு. அதனால ரெண்டையும் கொறச்சுக்கிட்டேன்.”

அதற்கும் சில வருடங்கள் கழித்துத்தான் தஞ்சோங் பகார் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிற என் மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். நான் சித்திக்குப் போன் போட்டேன். வருவாளோ மாட்டாளோ என்று நினைத்தேன். “எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள். அம்மா என்னோடுதான் இருந்தாள், சக்கர நாற்காலியில். அவளைத் தனியே விட முடியாது என்று கூட்டிப்போனோம்.

உள்ளே நுழையவே இடமில்லை. அத்தனை கூட்டம். சிறுபிள்ளைகள், கிழவர்கள், புதுமணத் தம்பதி ஒன்று கல்யாண உடுப்போடு. தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுக்கிறவர்கள். வாலிபப் பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்கள், யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கே பார்த்தாலும் அண்ணாந்த முகங்கள்.

சித்தி அந்தப் பெண்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒருத்தியின் தாளை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பிச் சிரித்தாள். சித்தி எங்களிடம் வந்துவிட்டாள்.

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். “எல்லாரும் மேல என்னா பாக்குறாங்க?”

“கூரையத்தான்க்கா,” என்றாள் சித்தி.

அம்மா வெகுநேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தன பேரு வந்து பாக்குற எடமா இது? எங்களுக்கு என்னாடி தெரியும்? அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா நீ?”

“சொன்னேன்க்கா,” என்றாள் சித்தி.

அவள் குரலில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அம்மா தன் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை உயர்த்த முயன்றாள். கழுத்து ஒத்துழைக்கவில்லை. சித்தி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அம்மாவின் தலையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மேலே பார்த்தார்கள். அம்மாவின் கண்ணோரத்தில் வழிந்தது நரைத்த முடிக்குள் இறங்கியது.

என் மகன் மணியைப் பார்த்தான். பாலத்தில் நெரிசல் ஆகிவிடும் என்று என்னிடம் சொன்னான். அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

“போலாமாடி?” என்றாள் தங்கையிடம்.

“இன்னும் கொஞ்ச நேரம்க்கா,” என்றாள் சித்தி.